விசிலக்கா குடிக்காத தண்ணீர்

நான்கு சாலைகள் கூடும் அந்தச் சந்தியில் சிக்னல் விளக்கு இருந்தது. ஆனால் வண்டி ஓட்டுகிறவர்கள் யாரும் விளக்கைப் பார்ப்பதில்லை. நடுவில் நின்ற போக்குவரத்துப் பெண் காவலரைத்தான் பார்ப்பார்கள். ஆள் குள்ளம்தான், ஆனால் கை நீளம். அந்தக் கையை நீட்டினால் மணல் லாரி கூட முனகிக்கொண்டு நிற்கும். பெயர் ஸ்டேஷன் பதிவேட்டில் இருந்ததோடு சரி. ஆட்டோக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவள் விசிலக்கா. கட்டிய கணவரே சில சமயம் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். இருபது பிள்ளைகளின் இரைச்சலைத் தினம் இரண்டு வேளை கேட்டுக் கேட்டுப் பொறுமை ஊறிப்போன மனிதர்.

விசிலக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். சுத்தமாகக் குடிக்காமல் இல்லை. காலையில் ஒரு டீ. மதியம் சாப்பாட்டோடு அரை டம்ளர். வெயில் மண்டையைப் பிளந்தால் வாயைக் கொப்புளித்துத் துப்பிவிடுவாள். தொண்டை நனைந்தால் போதும், வயிறு நனைய வேண்டியதில்லை என்பது அவள் கணக்கு.

காரணம் இல்லாமல் இல்லை. சந்தியில் கழிப்பறை கிடையாது. எதிர்ப்பக்கத்துப் பெட்ரோல் பங்கில் ஒன்று இருந்தது. அதன் சாவி மேனேஜரிடம் இருக்கும், மேனேஜர் எங்கே இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் எப்படியோ சாவியை வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வருவதற்குள் ஒரு மேலதிகாரியின் கார் நெரிசலில் மாட்டிக்கொண்டது. தோளில் இருந்த வயர்லெஸ் கத்தியது.

"பாயிண்ட்ல ஆள் இல்ல. எங்க போனீங்க?"

"பாத்ரூம் சார்."

"கேக்கல. சத்தமா சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னாள். அந்த நேரத்தில் ஊரில் பணியில் இருந்த அத்தனை காவலர்களின் தோளிலும் அது கேட்டது. ஒரு மாதம் வரை எதிரில் வருகிறவர்கள் எல்லாம் "என்ன, பாயிண்ட்ல ஆள் இருக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து பணி நேரத்தில் அவள் சந்தியை விட்டு நகர்ந்ததே இல்லை. உடம்பையும் அதற்கு ஏற்றபடி பழக்கிவிட்டாள். வீட்டிலிருந்து கிளம்புமுன் ஒருமுறை, வீடு திரும்பியதும் ஒருமுறை. இதை அவள் ஒரு சாமர்த்தியமாகவே நினைத்திருந்தாள். புதிதாகச் சேர்ந்த பெண் காவலர்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

ஐம்பதைத் தாண்டியபோது வலது இடுப்பில் வலி வந்தது. முதலில் படி ஏறும்போது மட்டும். பிறகு செருப்பு மாட்டும்போது. பிறகு சும்மா நிற்கும்போதே தொடை இடுக்கில் யாரோ திருப்புளியை வைத்துத் திருகுவதுபோல. எடையை இடது காலுக்கு மாற்றி நின்று பார்த்தாள். வண்டிகளைத் திருப்பிவிடும் சாக்கில் தானும் திரும்பிக்கொண்டே இருந்தாள். நொண்டுவது தெரிந்தால் நாற்காலி வேலைக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்ற பயம்.

சந்தியின் மூலையில் ஒரு மருந்துக் கடை இருந்தது. அங்கே கேட்ட வலி மாத்திரை நன்றாக வேலை செய்தது. காலையில் ஒன்று போட்டால் மதியம் வரை இடுப்பு இருப்பதே மறந்துவிடும். சில மாதத்தில் மதியத்துக்கும் ஒன்று தேவைப்பட்டது. கடைக்காரர் அவள் சாலையைக் கடந்து வருவதைப் பார்த்தாலே அட்டையை எடுத்து மேலே வைத்துவிடுவார். இப்படியே மூன்று வருடம் ஓடியது. இடையில் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றாள். அது பொய் இல்லை. வலி மாத்திரையை அவள் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கடைசியில் கணவர்தான் பிடிவாதமாக எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் பெரிய உடம்பும் மெதுவான பேச்சும் உள்ள மனிதர். எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டி, பேனா முனையால் காட்டினார்.

"இந்தப் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல ஒரு மெத்தை இருக்கணும். உங்களுக்கு அது தேஞ்சு போச்சு. எலும்பு மேல எலும்பு உரசுது. இத வச்சுக்கிட்டு எப்படி நின்னீங்க?"

"நின்னேன் சார்."

மூட்டை மாற்றிவிடலாம், அவசரமில்லை, நல்ல நாளாகப் பார்த்து ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றார். விசிலக்காவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. விடுப்பு எழுதிக் கொடுத்தாள். வெளியூரில் தையல் கடை வைத்திருக்கும் தங்கை, வீட்டைப் பார்த்துக்கொள்ள வருவதாகச் சொன்னாள். கணவர் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தார். எல்லாம் தயாரான பிறகு, ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது.

எலும்பு டாக்டர் அதை இரண்டு முறை பார்த்தார். "கிட்னி கொஞ்சம் சுணங்குது. இப்ப வேணாம். கிட்னி டாக்டரைப் பாத்துட்டு வாங்க."

"எனக்கு இடுப்புலதான சார் கோளாறு?"

"அதுக்குத்தான் வந்தீங்க. இது வந்த இடத்துல தெரிஞ்சுது."

விசிலக்கா ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வேனில் ஏறிய பிறகு, "லீவு போட்டாச்சு, கம்பி அடிச்சாச்சு, இப்ப வந்து வேற கதை சொல்றார்" என்றாள். கணவர் கியரை மாற்றிக்கொண்டே, "கம்பி எங்கயும் போயிடாது" என்றார்.

கிட்னி டாக்டர் சின்ன வயதுப் பெண். விசிலக்காவுக்கு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். மேஜையில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருந்தது. பேச்சுக்கு நடுவே அவ்வப்போது குடித்துக்கொண்டார். கேள்விகள் எல்லாம் விசிலக்கா எதிர்பாராத இடத்திலிருந்து வந்தன.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை யூரின் போவீங்க?"

"ரெண்டு."

"ரெண்டு தடவையா? வேலை நேரத்துல?"

"வேலை நேரத்துல எதுக்கு மேடம்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வலிக்கு என்ன போடுறீங்க?"

விசிலக்கா சொன்னாள். எத்தனை வருடமாக என்றும் சொன்னாள். மறைப்பதற்கு அதில் எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

டாக்டர் திட்டவில்லை. ஒரு தாளைத் திருப்பிப்போட்டு, அவரை விதை மாதிரி ஒரு படம் போட்டு, அதற்குள் போகும் குழாயை வரைந்தார். உடம்பில் தண்ணீர் குறைந்தால் இந்தக் குழாய் தானே விரிந்து, கிட்னிக்கு வேண்டிய இரத்தத்தை எப்படியோ இழுத்துக்கொள்ளும். வலி மாத்திரை அந்த விரிவைத் தடுத்துவிடும். அவள் போடும் இரத்த அழுத்த மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனால் தண்ணீர்ப் பஞ்சமும் வலி மாத்திரையும் கூடச் சேர்ந்தால் அதுவும் எதிரிக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். இந்த நிலைமையில் பெரிய ஆபரேஷன் செய்தால், இரத்தம் போகும், அழுத்தம் இறங்கும், கிட்னி படுத்துக்கொள்ளும்.

"திட்டம் போட்டுச் செய்யற ஆபரேஷன்தானே. திட்டத்துல இதையும் சேத்துக்குவோம்" என்றார் டாக்டர். "வலி மாத்திரை இனிமே வேணாம். தண்ணி குடிக்கணும். ரெண்டு மாசம் கழிச்சுப் பாக்கலாம்."

அந்த இரண்டு மாதம் விசிலக்காவுக்கு எப்படிப் போனது என்று கேட்டால், தங்கை சொல்வாள், "அவகூட இருந்த எனக்கு எப்படிப் போச்சுன்னு கேளுங்க" என்று. மாத்திரை இல்லாமல் சந்தியில் நிற்க முடியவில்லை. கட்டுப்பாட்டு அறையில் நாற்காலி கொடுத்தார்கள். பயந்தது நடந்துவிட்டது. ஆனால் அங்கே கழிப்பறை இருந்தது, கதவில் தாழ்ப்பாள் இருந்தது, சாவி கேட்க வேண்டியதில்லை. கணவர் வேனில் வைத்திருந்த இரண்டு லிட்டர் பாட்டிலைக் கொடுத்தனுப்பினார். முதல் வாரம் அவள் பெரும்பாலும் நாற்காலிக்கும் கழிப்பறைக்கும் நடுவில்தான் இருந்தாள். ஒவ்வொரு முறை எழும்போதும் இடுப்பு உயிரை எடுத்தது. "வேலைக்கு வந்தேனா, இதுக்கு வந்தேனா தெரியல" என்று வீட்டில் வந்து சொன்னாள். வலிக்குக் கொடுத்திருந்த வேறு மாத்திரை, அவள் வார்த்தையில், "சும்மா ஆறுதல் சொல்லிட்டுப் போற சொந்தக்காரங்க மாதிரி" இருந்தது.

ஆனால் இரத்தப் பரிசோதனையில் கிட்னியின் நிலையைக் காட்டும் எண் இறங்கியது. முழுக்கச் சரியாகவில்லை, பரவாயில்லை என்னும் அளவுக்கு வந்தது. கிட்னி டாக்டர் சம்மதக் கடிதம் கொடுத்தார். ஆபரேஷனுக்கு முன்னாலும் பின்னாலும் அந்த வலி மாத்திரையை மறந்தும் கொடுக்கக் கூடாது என்று கோப்பின் மேல் சிவப்பு மையில் எழுதியும் வைத்தார்.

ஆபரேஷன் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடக்க வைத்தார்கள். விசிலக்காவுக்கு ஆச்சரியம். வெட்டிய இடம் வலித்தது, ஆனால் அந்தப் பழைய திருப்புளி வலி இல்லை. பக்கத்துக் கட்டிலில் முழங்கால் மாற்றிய ஒரு பள்ளி ஆசிரியை இருந்தார். அவரிடம், "உள்ள இருந்தவன் வீட்டைக் காலி பண்ணிட்டான் டீச்சர்" என்றாள்.

சிறுநீருக்குப் போட்டிருந்த குழாயை எடுத்த பிறகுதான் பிரச்சினை ஆரம்பித்தது.

அந்த அறையில் நான்கு கட்டில்கள், நான்கு திரைகள். கழிப்பறை வராந்தாவின் கோடியில். அங்கே போக வேண்டுமென்றால் மணியடிக்க வேண்டும், நர்ஸ் வர வேண்டும், நர்ஸ் ஓர் ஆளைக் கூப்பிட வேண்டும். பெரும்பாலும் வருகிறவன் ஆண். தள்ளு நாற்காலியை வைத்துக்கொண்டு, "யாருக்கு பாத்ரூம்?" என்று வாசலில் நின்று கேட்பான். நல்ல பையன்தான், தொண்டை மட்டும் பெரிசு. இல்லையென்றால் படுக்கையிலேயே தட்டு. துணித் திரைக்கு அந்தப் பக்கம் ஆசிரியையின் மருமகன் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருப்பார்.

விசிலக்காவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தண்ணீரைக் குறைத்தாள். நர்ஸ் வைத்துவிட்டுப் போன ஜக்கைத் தங்கை எடுத்து வராந்தாவில் இருந்த தொட்டிச் செடிக்கு ஊற்றினாள், அக்கா சொல்லித்தான். நர்ஸ் கேட்டால் "குடிச்சேன் சிஸ்டர்" என்பாள். கையில் ஏறிக்கொண்டிருந்த சலைனும் நின்றிருந்தது. மயக்க மருந்து விட்டுப்போன குமட்டலால் சாப்பாடும் இறங்கவில்லை. இரத்த அழுத்த மாத்திரை மட்டும் வீட்டில்போலவே தினம் வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

நடைப்பயிற்சி கூடக்கூட வெட்டுக்காயம் வலித்தது. மதியம் கணவர் பார்க்க வந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"என் கைப்பையில சைடு ஜிப்புல ஒரு அட்டை இருக்கும். எடுங்க."

அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "இது கூடாதுன்னு சொன்னாங்களே."

"அது ஆபரேஷனுக்கு முன்னாடி. ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே. நடக்கச் சொல்றாங்க, வலிக்குது, எப்படி நடக்கறது?"

அவர் யோசித்தார். இரண்டு மாதம் அவள் பட்ட பாடு கண்ணுக்கு முன்னால் இருந்தது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மற்றவர்கள் வலியில் முனகுவதைக் கேட்டுக்கொண்டிருக்கத் தெரியாது, ஓரமாக நிறுத்திவிட்டு ஏதாவது செய்யத் தோன்றும். கொடுத்தார். மறுநாளும் கொடுத்தார். அவள் எழுந்து நடந்ததைப் பார்த்து, செய்தது சரிதான் என்றே நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை முகம் உப்பியிருந்தது. மோதிர விரலில் மோதிரம் சுற்றவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். படுக்கை மாற்ற வந்த நர்ஸ், "அம்மா, நேத்துலருந்து நீங்க யூரினே போகலியே?" என்றார். விசிலக்கா தன்னை மறந்து, "எனக்கு அது பழக்கம்தான் சிஸ்டர்" என்றாள். நர்ஸ் சிரிக்கவில்லை. அப்போதே இரத்தம் எடுத்துக்கொண்டு ஓடினார்.

முடிவு வந்ததும் கிட்னி டாக்டர் வந்துவிட்டார். இரண்டு மாதம் பாடுபட்டு இறக்கிய எண் இப்போது மூன்று மடங்காக ஏறியிருந்தது. பொட்டாசியமும் ஏறியிருந்தது, அது இதயத்தை நிறுத்திவிடக் கூடியது. டாக்டர் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"நாங்க கொடுத்த மாத்திரை தவிர வேற ஏதாவது போட்டீங்களா?"

விசிலக்கா கணவரைப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. அவரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. "இல்ல மேடம்" என்றாள். இந்த முறை அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கணவர் கைப்பையைத் திறந்து, அட்டையை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். "இது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

டாக்டர் அட்டையில் காலியாக இருந்த குழிகளைப் பார்த்தார். "தண்ணி?"

தங்கைதான் சொன்னாள், "செடிக்கு ஊத்தினேன் மேடம்."

அந்த இடத்தில் வேறு டாக்டராக இருந்தால் கூரை பறந்திருக்கும். இவர் எழுந்து நர்ஸிடம் சுருக்கமாகச் சில விஷயங்களைச் சொன்னார். அழுத்த மாத்திரை நிறுத்தம். சலைன் அளவோடு. பொட்டாசியத்தை இறக்க ஊசி. பிறகு கணவரிடம் திரும்பி, "அந்த பிரஷர் மாத்திரையை முதல் நாளே நாங்க நிறுத்தியிருக்கணும். அது எங்க பக்கத்துத் தப்பு" என்றார். "மதியம் வரைக்கும் பாப்போம். யூரின் வரலன்னா டயாலிசிஸ் பண்ண வேண்டியிருக்கும்."

மதியம் வரை வரவில்லை. கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். ஓர் ஆள் உயர இயந்திரம் இரத்தத்தை இழுத்துக் கழுவித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. குளிர் தாங்காமல் இரண்டு போர்வை கேட்டாள். பக்கத்துப் படுக்கைகளில் இருந்தவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வருகிறவர்கள். பழக்கப்பட்ட ரயிலில் இடம் பிடித்தவர்கள்போல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விசிலக்கா தூங்கவில்லை. தானும் இந்த ரயிலில்தானா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குத் திரும்பியபோது கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஆனால் அந்தக் குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

"லாரியை நிறுத்துறே. மந்திரி காரை நிறுத்துறே. ஒரு நர்ஸைக் கூப்பிட்டு, எனக்குப் போகணும்னு சொல்ல முடியல உனக்கு."

"அந்தப் பையன் வாசல்ல நின்னு கத்துவான்."

"கத்தட்டும். கேக்கறவங்க யாரும் உன்கூட வீட்டுக்கு வரப்போறதில்ல. நான்தான் வரணும். நீ இல்லாம நான் எங்க வர்றது?"

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். ஆபரேஷன் செய்தவர்கள் அப்படித் திரும்பக் கூடாது. அவரே எழுந்து, தோளைப் பிடித்து மறுபடி மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களுக்கு நடுவில் தலையணையை வைத்தார். "அட்டையை எடுத்துக் கொடுத்தது நான். அதுக்கு நான் என்னைத்தான் திட்டிக்கணும்" என்றார். "நீங்க எதுக்கு, நான் கேட்டேன்" என்றாள் அவள். அதற்குமேல் அவர்கள் அதைப் பேசவில்லை.

மறுநாள் இன்னொரு முறை டயாலிசிஸ் நடந்தது. மூன்றாவது முறைக்கு நேரம் குறித்திருந்த அன்று காலையில் அடிவயிறு கனத்தது. விசிலக்கா மணியை அடித்தாள். நர்ஸ் வருவதற்கு முன்பே தள்ளு நாற்காலிப் பையன் வாசலுக்கு வந்துவிட்டான்.

"யாருக்கு பாத்ரூம்?"

"எனக்குத்தான்டா தம்பி" என்றாள் விசிலக்கா, சந்தியில் பேசும் குரலில். "சீக்கிரம் வா."

ஆசிரியை கைதட்டினார். வந்தது கொஞ்சம்தான். நர்ஸ் அளந்து பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார். மதியம் இன்னும் வந்தது. மூன்றாவது டயாலிசிஸைத் தள்ளிப்போட்டார்கள், பிறகு ரத்து செய்தார்கள். அடுத்த சில நாள்கள் அணை திறந்ததுபோல் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பையனுக்கு நடந்து நடந்து கால் வலித்திருக்கும். எண் மெல்ல மெல்ல இறங்கியது.

வீட்டுக்கு அனுப்பும்போது கிட்னி டாக்டர் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். கிட்னி திரும்பி வந்துவிட்டது. ஆனால் முழுசாக வரவில்லை, இனி வரவும் வராது. ஒரு பங்கு போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டால் கடைசிவரை ஓடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, முதலில் இதைச் சொல்ல வேண்டும்.

"அந்த மருந்துக் கடைக்காரர்கிட்டயும் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன் மேடம்" என்றாள் விசிலக்கா. என்ன பேசினாள் என்று தெரியாது. அவர் கடையில் இப்போது அந்த மாத்திரையைச் சீட்டில்லாமல் கேட்டால், சந்தியின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இல்லை என்கிறார்.

விசிலக்கா மறுபடி சந்திக்குப் போகவில்லை. மருத்துவக் குழு நாற்காலி வேலையை நிரந்தரமாக்கிவிட்டது. முதலில் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு, புதிதாகச் சேரும் பெண் காவலர்களுக்கு எங்கெங்கே பணி போடுவது என்று பார்க்கும் பிரிவுக்கு அவளை மாற்றினார்கள். பக்கத்தில் கழிப்பறை இல்லாத சந்திகளுக்கு ஒரு பெண்ணை மட்டும் போடக் கூடாது, மாற்றிவிட இன்னொரு ஆள் வேண்டும் என்று வாயாலேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சில இடங்களில் நடந்தது. சில இடங்களில் ஆள் பற்றாக்குறை என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடங்களைப் பற்றி அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் இடது இடுப்பிலும் லேசாக வலி வந்தது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இது இன்னும் ஒன்றிரண்டு வருடம் தாங்கும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

"சரி சார். முதல்ல கிட்னி மேடம்கிட்ட கேட்டுட்டு வந்துடறேன்" என்றாள்.

வெளியே வந்ததும் பரிசோதனைக் கூடம் மூடுவதற்குள் இரத்தம் கொடுத்துவிட வேண்டும் என்று தெருவைக் கடந்து நடந்தாள். வேனைப் பூட்டிவிட்டு வந்த கணவர், "மெதுவா போ" என்று பின்னாலிருந்து சொன்னார். அவள் அதற்குள் படியேறிவிட்டிருந்தாள்.